குடித்துவிட்டு ஓட்டினால் கிளைம் வராது என்பதை விற்கும்போதே சொல்லுங்கள்

கொங்குப் பகுதியில் வாகனக் காப்பீடு விற்கும் நிறுவனங்களின் கிளை மேலாளர்களுக்கும், ஏஜென்ட்டுகளுக்கும், ஷோரூமில் உட்கார்ந்து பாலிசி போட்டுக் கொடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பெருந்துறை பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிக்காரரை நீங்கள் பார்ப்பது அவர் புது வண்டிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற நாளில். நாங்கள் பார்ப்பது அதே வண்டி ரெக்கவரி வண்டியில் தொங்கிக்கொண்டு வருகிற நாளில். இரண்டு நாளுக்கும் நடுவில் அவரிடம் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை, கடைசியில் நாங்கள்தான் பட்டறை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டியவர் போதையில் இருந்தால் வண்டிக்குக் கிளைம் கிடையாது என்பதுதான் அது. இதைப் பாலிசி போடும்போதே, தமிழில், வாயால் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும் பணம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த விதி சரியான விதி, இருக்க வேண்டிய விதி. என் சண்டை விதியோடு இல்லை, அதை யாருக்கும் தெரியாமல் பாலிசியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் வைத்திருப்பதோடுதான்.

பாலிசி போடும் நேரத்தில் என்ன பேச்சு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். "ஏனுங்க, புல் கவர் தானுங்களே?" என்று அவர் கேட்பார். "ஆமாங்க, பம்பர் டு பம்பர், ஒரு கீறல் விழுந்தாலும் கம்பெனி பாத்துக்கும், நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்று உங்கள் ஆள் சொல்வார். எத்தனை ரூபாய், தள்ளுபடி எவ்வளவு, பக்கத்துக் கம்பெனியில் எவ்வளவு சொன்னார்கள், அத்தோடு முடிந்தது. பம்பர் டு பம்பர் போட்டாலும், இன்ஜினுக்குத் தனியாகப் பணம் கட்டினாலும், என்ன கூடுதல் கவர் எடுத்தாலும் குடி என்று வந்துவிட்டால் அத்தனையும் ஒன்றுக்கும் ஆகாது என்பதை அந்தப் பேச்சில் யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த விதியில் இருப்பதைப் பச்சையாகச் சொன்னால் இதுதான்: பாலிசிதாரரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு ஓட்டுகிற வேறு யாராவதோ, மதுவின் பிடியிலோ போதைப்பொருளின் பிடியிலோ இருக்கும்போது நடந்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை. இதில் இரண்டாவது பாதிதான் எங்கள் ஊர்க் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. சொந்தக்காரர் கேட்டால் வண்டிச் சாவியைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கல்யாணத்துக்கு, எழவுக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு கார் நாலு வீட்டுக்கு ஓடுகிற பகுதி இது.

காங்கேயம் தாண்டி ஒரு ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர். பீடிகூடப் பிடிக்காத மனிதர். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி விருந்து. மத்தியானம் பந்தி முடிந்து பெரியவர்கள் வேப்பமரத்தடியில் படுத்திருக்கும்போது அக்கா மகன் வந்து, "மாமா, சாவி குடுங்க, சித்தியை ஊத்துக்குளியில ரயிலேத்திட்டு வந்தர்றேன்" என்று கேட்டிருக்கிறான். கொடுத்துவிட்டார். சித்தியை ஒழுங்காகத்தான் ரயில் ஏற்றியிருக்கிறான், திரும்பி வரும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடது பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டான். வண்டி எங்களிடம் வந்தபோது முன்பக்கம் ஏப்ரான் மடிந்து வீல் கதவோடு ஒட்டிக்கிடந்தது, ரேடியேட்டர் இன்ஜினில் ஏறி உட்கார்ந்திருந்தது, இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் தொங்கின. பையனுக்கு நெற்றியிலும் முழங்காலிலும்தான் அடி, பிழைத்துக்கொண்டான், அது பெரிய விஷயம். எஸ்டிமேட் 5 லட்சத்தைத் தாண்டியது. சேதத்தைக் கணக்கிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், லைசென்ஸ், ஆர்சி எல்லாம் வாங்கினார், ஜிஹெச்சில் எழுதிய ஏஆர் காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டார். அதில் டூட்டி டாக்டர் மது வாசனை இருந்தது என்று ஒரே வரி எழுதியிருந்தார். பையனும் அன்று விருந்தில் குடித்ததை மறைக்கவில்லை. சில வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் என் பட்டறைக்குத்தான் வந்தார், படித்துச் சொல்லச் சொல்லி. படித்துச் சொன்னேன்.

"நான் குடிக்கவே இல்லீங்களே, எனக்கு எதுக்குங்க இல்லைங்கறாங்க?"

அவர் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நானா, அவருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்து கமிஷன் வாங்கியவரா? விதிப்படி பார்த்தால் கம்பெனி செய்தது தப்பில்லை. அவர் சம்மதத்தோடுதான் பையன் ஓட்டினான். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அந்தக் கிடா விருந்து நாளில் அவர் சாவியை மடியில் கட்டிக்கொண்டு, "வேண்டாஞ்சாமி, நானே போய் விட்டுட்டு வர்றேன்" என்று எழுந்திருப்பார். அவ்வளவு சின்ன வித்தியாசம். வண்டிக் கடன் தவணை இன்னும் ஓடுகிறது, ஷெட்டில் கிடக்கிற வண்டிக்கும் சேர்த்து.

அடுத்தது, 30 என்கிற எண்ணைப் பற்றி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவில் குற்றம். 2019 செப்டம்பரில் இருந்து முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் எல்லோருக்கும் தெரியும், மாட்டினால் பத்தாயிரம் என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். அதனால் என்ன நினைக்கிறார்கள் என்றால், போலீஸ் ஊதச் சொல்லவில்லை, கேஸ் போடவில்லை, அப்புறம் கம்பெனி எப்படி மறுக்கும் என்று நினைக்கிறார்கள். அது தப்பு. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விளக்கமாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் பக்கம் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்துபோன ஒரு போர்ஷே கார் வழக்கு அது. ஊதியதற்கோ ரத்தம் எடுத்ததற்கோ அளவு எதுவும் கையில் இல்லை. இருந்தாலும் டாக்டர் எழுதிய வாசனைக் குறிப்பையும் விபத்து நடந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்து, கிளைம் இல்லை என்றது நீதிமன்றம். 30 என்பது தண்டிப்பதற்கான அளவு, பாலிசி விதியில் அந்த எண்ணே கிடையாது. இது எங்கள் ஊரில் டாஸ்மாக் வாசலில் நின்று, "ஒரு கட்டிங்தான், ஒண்ணும் ஆகாது" என்று சாவியைச் சுழற்றுகிறவருக்குத் தெரியாது.

போதை என்றால் சரக்கு மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கஞ்சா, மாத்திரை எல்லாம் அதே வரியில்தான் வருகிறது. ஊதினால் காட்டாது என்று இளசுகள் தைரியமாக இருக்கிறார்கள், ரத்தத்தில் காட்டும்.

விடிகாலைக் கல்யாணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் முதல் நாள் ராத்திரியே மண்டபத்தில் கூட்டம் கூடிவிடும், சீரெல்லாம் முடிந்து பெரியவர்கள் படுத்தபிறகு மண்டபத்துக்குப் பின்னால் பார்க்கிங்கில் ஒரு கூட்டம் உட்காரும். அப்புறம் ரெண்டு மணி நேரம் தூங்கி, பச்சைத் தண்ணீரில் குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, 4:30க்குப் பெண் வீட்டாரைக் கூட்டிவர வண்டியை எடுப்பவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். அவரைக் கேட்டால், "நேத்து ராத்திரி குடிச்சதுங்க, எறங்கிருச்சு" என்பார். இறங்கியிருக்காது. உடம்பு ஆல்கஹாலைக் கழிப்பது 100 மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் வேகத்தில்தான். ராத்திரி 11 மணிக்கு ரத்தத்தில் 150 இருந்தவருக்கு விடிகாலை 4:30க்கு 65க்கு மேல் இருக்கும், சட்டத்தின் அளவுக்கு இரண்டு மடங்கு. மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. என்எச் 544இல் விஜயமங்கலத்துக்கும் சித்தோட்டுக்கும் நடுவில் அந்த நேரத்தில் ஓரமாக நிற்கிற லாரியின் பின்னால் போய்ச் செருகிய கார்களைத் தூக்கி வந்தவன் நான், அதனால் இதை எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

வண்டிச் சேதம்கூடப் போகட்டும். எதிரில் வந்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"தேர்டு பார்ட்டி இருக்குதுங்க, அது எப்படியும் கோர்ட்ல வாங்கிக் குடுத்திருவாங்க" என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பாதி உண்மை. அடிபட்டவர் குடும்பத்துக்குப் பணம் போக வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாகத்தான் இருக்கின்றன. ஓட்டியவர் குடித்திருந்தாலும் கம்பெனி முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது, நம் சென்னை உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. சந்தோஷம்தான், ரோட்டில் போனவர் என்ன பாவம் செய்தார். ஆனால் அந்த "பிறகு வாங்கிக்கொள்" என்பதன் அர்த்தம் வண்டிக்காரருக்குத் தெரியுமா? 2019 திருத்தத்தில், போதையில் ஓட்டியது என்பதைக் கம்பெனி எடுத்து வைக்கக்கூடிய வாதமாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், அது 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கம்பெனி கட்டிய பணத்தை வண்டிக்காரரிடம் திரும்ப வாங்கத் தனியாக ஒரு வழக்குப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை, இழப்பீடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பாயத்திலேயே நிறைவேற்று மனு போட்டாலே போதும் என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறந்தவர் சம்பாதிக்கிற வயசுக்காரர் என்றால் அந்தத் தொகை பல லட்சம், சில நேரம் கோடியைத் தொடும். யார் கொடுப்பது? காரை ஓட்டிய மருமகன் மட்டும் இல்லை, ஆர்சியில் பெயர் இருக்கிற மாமன். தோட்டத்தையும் வீட்டையும் ஜப்தி செய்ய நோட்டீஸ் வரும்போதுதான், இத்தனை வருஷம் தவறாமல் கட்டிய பிரீமியத்துக்குள் இப்படி ஒரு ஓட்டை இருந்தது அவருக்குத் தெரிய வருகிறது.

இன்னொன்று, ஓட்டிய ஓனரே இறந்துபோனால் குடும்பத்துக்கு வரவேண்டிய 15 லட்சம். பாலிசியோடு கட்டாயம் எடுக்கச் சொல்கிறீர்களே, ஓனர் டிரைவர் தனிநபர் விபத்துக் கவர், அதிலும் இதே விதி. அவர் போதையில் ஓட்டியிருந்தால் அந்த 15 லட்சம் இல்லை. எல்ஐசியில் பாலிசி இருந்தால் இறப்புக்கான தொகை வந்துவிடும், விபத்துக்கு என்று கூடுதலாக எடுத்தது இதே காரணத்துக்காக நின்றுபோகும். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொண்ணு மஞ்சள் பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் அலைந்து, கடைசியில் இந்த ஒரு வரிக்காக ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவதைப் பார்த்தால் நீங்களும் இப்படி ஒரு மடல் எழுதுவீர்கள். பாலிசி போடும்போது வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொன்னீர்கள் என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் சாவியைத் தொட மாட்டார்கள். வீட்டம்மா எடுத்து ஒளித்து வைத்துவிடுவார்.

இனி ஏஜென்ட்டுகளுக்கு. உங்களில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் ஸ்பாட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் சிலர் செய்கிற ஒரு வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். ஆளை மாற்றுவது. "தம்பி சரக்குல இருந்தானா? சரி விடுங்க, உங்க அண்ணன் பேர்ல லைசென்ஸ் இருக்குல்ல, அவரு ஓட்டுனதா எழுதிக்கலாம்" என்று பட்டறையில் வைத்தே சொல்கிறீர்கள். ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதுவது பொய்க் கிளைம். ஏர்பேக்கில் ரத்தம் யாருடையது, ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனது யார், டோல்கேட் கேமராவில் ஸ்டியரிங் பிடித்திருந்தது யார், போன் எங்கே இருந்தது, எல்லாவற்றையும் விசாரிக்க ஆள் போடுகிறார்கள். மாட்டினால் கிளைமும் போய், மோசடி என்று போலீஸ் கேஸும் வரும், குடிக்காத அண்ணனும் சேர்ந்து மாட்டுவார். அதைவிட மோசம், விபத்தில் ஒருவர் இறந்திருந்தால், ஓட்டாதவர் மேல் உயிரிழப்பு வழக்கு வந்து நிற்கும். பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு 5 வருஷம் வரை சிறை. என் பட்டறையில் இந்தப் பேச்சை எடுக்கிறவரை நான் வெளியே போகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளை மேலாளர்களும் அதையே செய்ய வேண்டும்.

மேலாளர்களிடமும் ஒரு குறை உண்டு. விதியைச் சரியான இடத்தில் பயன்படுத்துங்கள். ஏஆர் காப்பியில் வாசனை என்கிற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் பார்க்காமல், சிக்னலில் நின்றிருந்த வண்டியைப் பின்னால் வந்த லாரி இடித்ததற்கும் மறுப்புக் கடிதம் அனுப்புவது நியாயம் இல்லை. போதையின் பிடியில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், அந்த 2021 தீர்ப்பிலும் வாசனையோடு விபத்து நடந்த விதத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் சீக்கிரம் விசாரியுங்கள், முடிவை மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள், எந்த ஆவணத்தை வைத்து மறுக்கிறீர்களோ அதன் நகலைக் கடிதத்தோடு கொடுங்கள், கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். மறுத்தால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். போதையில் இல்லாத மனிதருக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ரினியூவல் தேதி நெருங்கினால் தினமும் வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறீர்கள். அதே வாட்ஸ்அப்பில் இதையும் அனுப்புங்கள்: "உங்கள் வண்டியை நீங்களோ, நீங்கள் சாவி கொடுத்த யாராவதோ குடித்துவிட்டோ வேறு போதையிலோ ஓட்டினால் வண்டிச் சேதத்துக்கும் ஓனர் விபத்துக் கவருக்கும் பணம் வராது. அடிபட்ட அடுத்தவருக்குக் கம்பெனி கட்டுகிற பணத்தையும் உங்களிடமே வசூலிக்கும்." பாலிசியின் முதல் பக்கத்தில், வண்டி நம்பருக்குக் கீழேயே, இதை அச்சடியுங்கள். பாலிசி போடும் ஆள் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, கேட்டவரிடம் கையெழுத்து வாங்கட்டும். கூடவே, குடித்தவர் பின் சீட்டில் உட்கார்ந்து குடிக்காதவர் லைசென்ஸோடு ஓட்டினால் இந்த விதி குறுக்கே வராது என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் இதைக்கூடத் தெரியாமல், கார்க்குள் யார் குடித்திருந்தாலும் கிளைம் போய்விடும் என்று பயந்து ஆளை மாற்றி எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கிளை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆக்டிங் டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நம்பரைச் சேகரித்து அந்த வாட்ஸ்அப்பின் கடைசியில் போட்டுவிடுங்கள். ராத்திரிக்கு ஒரு ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்கிற காசு உடைந்த ஒரு ஹெட்லைட்டின் விலைகூட வராது. மண்டபக்காரர்களிடமும் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், இரண்டு பேர் பார்க்கிங் பக்கம் நம்பர் எழுதி வைக்க ஒத்துக்கொண்டார்கள். உங்கள் கம்பெனி பெயரில் ஒரு போர்டு கொடுத்தால் அதில் இந்த விதியையும் எழுதி அங்கே மாட்டிவிடலாம், ஆணி அடித்து மாட்டுகிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆடி நோம்பியும் அதைத் தொட்டு ஆவணி முகூர்த்தங்களும் வரிசையாக வரும். அதற்கு முன்னால் ரினியூவலுக்கு வருகிறவர்களில் இருந்தே ஆரம்பித்துவிடுங்கள். எந்தக் கிளை முதலில் செய்தாலும் தகவல் சொல்லுங்கள், எங்கள் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் அந்தக் கிளையின் பெயரை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெருந்துறை பக்கத்துப் பட்டறைக்காரன்